மூணாம் நம்பர் மேசை

"பட்டனைத் தொடவே இல்ல, அதுக்குள்ள கத்துது பாரு!"

டெஸ்டிங் அக்காவின் குரல் மணியை விடச் சத்தமாகக் கேட்டது.

"நாலாம் நம்பர்! மறுபடியும் மைக்காவை விட்டாச்சு!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. நாலாம் நம்பர் மேசையில் புதுசு தலையைக் குனிந்துகொண்டாள்.

புதுசு என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். வயது நாற்பத்தாறு. "இந்த வயசுல என்னத்தக் கத்துக்கப் போறீங்க?" என்று மூன்று இடத்தில் திருப்பி அனுப்பிய பிறகு இங்கே கிடைத்த வேலை. வீட்டில் மூன்று பேருக்கு அவள் சம்பளம்தான். முதல் வாரம் சோதனை வாரம். ஐந்து போர்டுக்கு மேல் பழுது என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கான அழைப்பு மணி. நோயாளி பட்டனை அழுத்தினால் நர்ஸ் அறையில் மணி அடிக்கும், விளக்கு எரியும். பட்டன் பக்கமிருந்து வருவது துளியூண்டு மின்சாரம். அதற்கு விளக்கை எரிக்கத் தெம்பு ஏது? அதனால் நடுவே ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டர். ரேடியோவுக்குள் இருக்கும் பொடிசும் இல்லை, பெரிய தடியனும் இல்லை, நடுத்தரம். மூன்று கால். ஓரக்காலில் அந்தத் துளி வந்து தட்டினால் போதும், நடுக்கால் வழியாகப் பெரிய மின்சாரத்தைத் திறந்து விட்டுவிடும்.

வேலை செய்தால் சூடாகுமே? அதற்காக அதன் முதுகை அலுமினியத் தகட்டோடு சேர்த்து ஸ்க்ரூ போடுவோம். வில்லங்கமே இங்கேதான். அந்த முதுகும் நடுக்காலும் உள்ளுக்குள் ஒன்று. முதுகுக்கும் தகட்டுக்கும் இடையே கண்ணாடி மாதிரி ஒரு மைக்கா துண்டு வைக்காவிட்டால், மின்சாரம் தகடு வழியாகவே ஓடிவிடும். யாரும் கூப்பிடாமலே மணி கத்தும்.

மைக்கா விரலில் இருக்கிறதா, மேசையில் விழுந்துவிட்டதா என்பதே புதுசின் கண்ணுக்குத் தெரியவில்லை, பாவம்.

திங்கட்கிழமை ஆறு. செவ்வாய் ஐந்து. நானே எண்ணினேன். ஒவ்வொன்றையும் சரிசெய்த கையோடு, மேசை நம்பர் போட்டு ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நேராகப் போய் நின்றேன்.

"ஏங்க்கா, ஏழெட்டைக் கண்டுக்காம விட்டா என்ன? ஒண்ணு விடாம எழுதணுமா?"

"எழுதாம விட்டா? நான் வச்ச மைக்காவுக்கு ஸ்டோர்ல யாரு பதில் சொல்றது, நீயா?"

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிறே."

அவ்வளவுதான். மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டாள். இப்படியும் ஒரு மனுஷி!

புதன்கிழமை புதுசு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணை நம்பாமல், ஸ்க்ரூ போடுமுன் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். நகம் தட்டினால் மைக்கா இருக்கிறது. அன்றைக்கு மூன்று. வியாழன் ஒன்று. வெள்ளிக்கிழமை ஒன்றுகூடக் கத்தவில்லை. ஆனாலும் மொத்தம் பதினைந்து ஆகிவிட்டதே!

சனிக்கிழமை காலை ரிஜிஸ்டர் மேனேஜர் அறைக்குப் போனது. பின்னாலேயே நானும் போனேன்.

"சார், ரிஜிஸ்டரைப் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க. நேத்து நாலாம் நம்பர்ல ஒரு போர்டு கூடக் கத்தல. இன்னும் ஒரு வாரம் குடுங்க சார்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு? அவங்க நாலே நாலுதான். நிரந்தரம்னு கையெழுத்தே போட்டுட்டேன்."

நாலா?

"நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். மூணாம் நம்பர், பதினொண்ணு. என்னம்மா ஆச்சு உனக்கு?"

எனக்குச் சுரீரென்றது. எட்டு வருஷமாக என் மேசையிலிருந்து போன ஒரு போர்டு வாய் திறந்தது கிடையாது. எனக்குப் பதினொன்றா?

"சார், அதெல்லாம் என்னோட..."

'என்னோடது இல்லை' என்றால் அடுத்த கேள்வி, 'அப்போ யாரோடது?' கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மூக்கு நுனியில் கண்ணாடியோடு புதுசு நகத்தால் மைக்காவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னோட தப்புதான் சார்."

எட்டு வருஷத்துப் பெயர் ஒரு நிமிஷத்தில் காலி.

"சரி, விடு. வெட்கப்படாம நாலாம் நம்பர்கிட்ட கேட்டுக் கத்துக்கோ."

"சரி சார்."

வெளியே வந்தவள் நேராக டெஸ்டிங் அக்காவிடம் போனேன். எனக்குக் காதில் புகை வராத குறை.

"ஏங்க்கா, பதினொண்ணையும் என் தலையில கட்டியிருக்கீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா ஊரையே கூட்டியிருப்பே. மேனேஜர்கிட்ட போட்டு உடைச்சிட்டியா?"

"இல்ல..."

"இந்த ஹால்ல பன்னிரண்டு மேசை இருக்கு. நீ உடைக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் மூணாம் நம்பர்ல எழுதினேன்" என்றாள் அக்கா, அடுத்த போர்டைக் கையில் எடுத்தபடி.