நுனியில் நாலு விரல் கறுப்பு

"வெள்ளியை உருக்கி ஊத்தின மாதிரி இடுப்பு வரைக்கும் இருக்குக்கா. நுனியில மட்டும் நாலு விரல் கறுப்பு. மொத்தமா சாயம் பூசிடலாமா? பத்து வயசு குறைஞ்சிடும்," என்றாள் பார்லர்க்காரி.

"வேண்டாம்மா. கறுப்பை மட்டும் வெட்டிடு," என்றாள் நாற்காலியில் இருந்த ஐம்பது வயதுக்காரி.

பக்கத்தில் நின்ற மகள் வைத்த கண் வாங்காமல் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்லர்க்காரிக்கு மனசு ஆறவில்லை. மாதம் அரை அங்குலம் வளர்கிற முடி இவ்வளவு நீள ஐந்து வருடமாவது ஆகியிருக்கும். ஒரு முடிகூட நுனி பிளக்கவில்லை.

"இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கீங்க. கறுப்பு பிடிக்கலைன்னா அப்பவே வெட்டியிருக்கலாமே?"

"வெட்டினா மறந்துடுவேனோன்னு பயம். மனசு தடுமாறுறப்பல்லாம் பின்னலை முன்னால இழுத்துப் போட்டு, வெள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பார்ப்பேன்."

"எதுக்குக்கா மனசு தடுமாறணும்?"

"குடிக்க. பாட்டிலைத் தூக்கிப் போட்ட அன்னைக்குத்தான் சாயத்தையும் விட்டேன். இவ என்னை நம்புற வரைக்கும் கறுப்பை வெட்டறதில்லைன்னு இருந்தேன். நேத்துதான் வெட்டிடலாம்மான்னு சொன்னா."

பார்லர்க்காரி கையைத் துடைத்துக்கொண்டு, கத்தரியை மெல்ல வைத்து வெட்டினாள். கறுப்பு தரையில் விழுந்தது.

மகள் தாயின் உச்சந்தலையில் கை வைத்தாள். "இனி உன் தலையில குடிச்ச முடி ஒண்ணுகூட இல்லம்மா."

வெட்டிய முடியை எப்போதும் காலாலேயே ஒதுக்கித் தள்ளுகிற பார்லர்க்காரி, அன்று குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள்.