புள்ளி இல்லாத ஜோடி

"இவ ஏமாத்துக்காரி. எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க," என்றபடி ஹார்லன் பிளாஸ்டிக் டப்பாவை லொரெட்டாவின் மேசைமேல் தொப்பென்று வைத்தான்.

அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்த வளர்ப்புப் பல்லிக் கண்காட்சியில், காபிக் கோப்பையோடு நகர்ந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். டப்பாவுக்குள் சிறுத்தைப் பல்லிக் குட்டிகள். ஒன்று விடாமல் எல்லாவற்றின் முதுகிலும் கரும்புள்ளிகள்.

"நீ வித்த பொட்டைக்குப் புள்ளி கிடையாது. என் ஆணுக்கும் கிடையாது. பொறந்ததுக்கெல்லாம் எப்படி வந்துச்சு? கலப்படச் சரக்கைத் தலையில கட்டிட்டியா?"

லொரெட்டாவின் முகம் சூடேறியது. புள்ளியில்லாத மஞ்சள் பல்லி என்றால் அவள் பெயர்தான். குட்டிகளை மட்டும் விற்று, தாய்களைத் தன்னிடமே வைத்துக் காத்த வம்சம். இந்தப் பேச்சு பரவினால் அடுத்த கண்காட்சியில் அவளிடம் ஈகூட அண்டாது.

"பணத்தைக் குடுத்து அனுப்பிடலாம், லொரெட்டா," கணவன் டுவைன் அதற்குள் கல்லாவைத் திறந்துவிட்டான். "காலங்காத்தால எதுக்கு வம்பு?"

"குடுத்தா நான் திருடின்னு ஆயிடும். மூடு அதை." அவள் ஹார்லனிடம் திரும்பினாள். "உன் ஆண் என்ன நிறம்?"

"வெள்ளை."

"அப்ப அது வேற வம்சம். உன் வீட்ல பல்ப் போச்சு, விளக்கு எரியலை. என் வீட்ல ஒயர் போச்சு, எரியலை. உன் ஒயரையும் என் பல்பையும் சேர்த்தா எரியாதா? உன்னோடதுக்குப் புள்ளி போன காரணம் வேற, என்னோடதுக்கு வேற. குட்டிக்கு ரெண்டு பக்கத்துலயும் நல்லது கிடைச்சிருக்கு, புள்ளி வந்திருக்கு. இதுகூடத் தெரியாம பல்லி வளர்க்க வந்துட்டே."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஹார்லனின் காது சிவந்தது.

"எதோட வேணும்னாலும் சேர்க்கலாம்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"எங்க கடையில யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"விடு லொரெட்டா, ஆள் போகட்டும்," என்றான் டுவைன்.

"தாயையே கொண்டு வந்திருக்கேன்." ஹார்லன் கோட்டுக்குள்ளிருந்து துணிப்பை ஒன்றை எடுத்து அவிழ்த்தான். "இது உன் பல்லி இல்லைன்னு சொல்லு பாப்போம்."

மஞ்சள் நிறத்தில், புள்ளியே இல்லாத கிழட்டுப் பெண் பல்லி. ஒருமுறை அறுந்து, டர்னிப் கிழங்கு போலத் திரண்டு மறுபடி முளைத்த வால். லொரெட்டா கையை நீட்டினாள். அது தயங்காமல் ஏறி, அவள் மணிக்கட்டில் தாடையைச் சாய்த்துக்கொண்டது.

அந்த வாலை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஹார்லனை விட்டுவிட்டுக் கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"செத்துப்போச்சுன்னு இதைப் புதைச்சது நீதானே, டுவைன்?"