வெறும் வயிற்றோடு வரவும்

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். சௌந்திரம் போகிற வழியில் பேக்கரியில் நின்று ஒரு தேங்காய் பன்னை முழுசாகத் தின்றாள்.

பத்தாததற்கு டீயிலும் சர்க்கரையைத் தூக்கலாகப் போடச் சொன்னாள்.

நாக்கு கேட்டதால் அல்ல. இனிப்பென்றாலே இப்போதெல்லாம் அவளுக்குக் குமட்டுகிறது. சர்க்கரை குறைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறைகளில் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு யோகா சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். யாருக்குச் சர்க்கரை இறங்குகிறதோ அவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அவர்களுடைய இடம் அடுத்த ஆளுக்கு.

நல்ல ஏற்பாடுதான், யார் குறை சொன்னார்கள்? ஆனால் சௌந்திரத்துக்கு அந்த இடம் வேண்டும்.

பட்டறையில் தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் சாடைதான். வீட்டுக்குப் போனால் பேச ஆளே கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். கட்டிக்கொடுத்த மகள் ஒரு போன்கூடப் பண்ணுவதில்லை. விடிகாலை யோகாவில்தான் டீச்சர் பிரவீனா ஒவ்வொரு பாயாக வந்து, குனிந்து, ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்பாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக, மடக்க முடியாமல் வீங்கிக் கிடந்த விரல்கள் யோகாவில் வற்றியதைக்கூட மறைத்து வைத்திருந்தாள். தறியில் அறுந்த இழையைப் பட்டென்று முடிந்துவிட்டு, வகுப்பில் மட்டும் விரல் மடங்காதவள் மாதிரி நடித்தாள். பலே ஆள்தான்.

ரிசல்ட் வந்த அன்று பிரவீனா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைச் சர்க்கரைதானுங்க்கா கூட இருக்குது. மூணு மாசச் சராசரி பார்த்ததுல நல்லா எறங்கிருச்சுங்க. ரத்தத்துல இருந்த அழற்சியும் கொறஞ்சிருச்சு. இனி நீங்க ஊட்லயே செஞ்சுக்கலாமுங்க."

ஒரு பன்னால் மூன்று மாதத்தை ஏமாற்ற முடியாதென்று சௌந்திரத்துக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் கால் தன்பாட்டுக்கு அங்கேதான் போனது. அவள் இடத்தில் பக்கத்துத் தறியில் நிற்கும் அத்தாயி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சௌந்திரம் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள்.

பிரவீனா அத்தாயியின் தலைமாட்டில் குனிந்தாள்.

"ராத்திரி தூக்கம் வந்துச்சுங்களாக்கா?"

அத்தாயி வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து சௌந்திரம் சொன்னாள்.

"பொட்டுத் தூக்கமில்ல, சாமி."