பக்கத்து நோட்டு

பஸ் டிரைவரின் நோட்டு தையல்காரம்மாவின் கைக்குப் போய்விட்டது. இனிப் பிடுங்கவும் முடியாது.

அந்த மாலை நேர ஆங்கில வகுப்பில் அதுதான் வழக்கம். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் பென்சிலால் திருத்துவார். வயதுவந்தவர்களுக்கு வாத்தியாரின் சிவப்பு மையைவிட அது கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றும்.

இன்றைக்கு இரண்டே வார்த்தை. வான்ட், விஷ்.

"கேட்டா கிடைக்கும்னா வான்ட் போடுங்க. கிடைக்காதுன்னு தெரிஞ்சும் மனசு கேக்கலைன்னா, அது விஷ்," என்று சொல்லிவிட்டு வாத்தியார் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

முதல் வார்த்தைக்கு டிரைவர் டீ கேட்டிருந்தார். அதில் வம்பில்லை.

இரண்டாவதுதான். சந்துக்குள் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட அவருக்கு அப்படி வியர்த்ததில்லை. 'நீ வீட்டுக்கு வந்துவிட வேண்டும்' என்பதை விஷ் போட்டு எழுதியிருந்தார். யார் என்று எழுதவில்லை.

தையல்காரம்மா படித்தாள். பென்சில் முனையைக் கடித்தாள். யோசனை வந்தால் எதையாவது கடிப்பாள்.

டிரைவர் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இவள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டால்? பக்கத்தில் உட்காரும் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் வகுப்பிலேயே சேர்ந்தார். அதற்கும் நாமே வேட்டு வைத்துக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அவள் விஷ்ஷை அடித்தாள். அதன் மேலே, தையல் போடுகிற மாதிரி நெருக்கி நெருக்கி, வான்ட் என்று எழுதினாள்.

"தப்பா, மேடம்?"

வகுப்பில் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். இப்போது சாரைக் காணோம்.

"மூணு வருஷமா எங்கம்மா வீட்டு வாசல்ல பஸ்ஸை மெதுவா ஓட்டிட்டுப் போறீங்க. ஒரு நாளாவது இறங்கி வந்து கூப்பிட்டீங்களா?"

டிரைவர் நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்துடேன்," என்றார், ஒருவழியாக.

அவள் காலடியில் இருந்த கனமான தையல் பையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

பதினெட்டு வருடக் குடித்தனத்தில், வெளியே போனால் அந்தப் பையைத் தூக்குவது அவர் வேலைதான்.