பஜ்ஜித் தட்டு

மகனுக்குப் பெண் பார்க்க வந்த காந்திமதிநாதன் உட்காரும்போதே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். "எங்க வீட்டுக்கு வாற பொண்ணு சுத்த சைவமா இருக்கணும் அண்ணாச்சி. முட்டை போட்ட கேக்குகூட ஆகாது."

பெண்ணின் அப்பா ஆவுடையப்பனுக்கு வியர்த்தது. மகள் மேகலா முந்தாநாள்தான் தோழி வீட்டில் கோழி பிரியாணியை ஒரு கை பார்த்திருந்தாள். இந்தக் காலத்துத் தட்டுகளோ விரல் பட்டதுமே உடம்பிலுள்ள புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எல்லாவற்றையும் வாசித்து, எது எதிலிருந்து வந்தது என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிடும்.

"பொண்ணு இன்னைக்கு விரதம். சாப்பிட உக்கார மாட்டா" என்று முந்திக்கொண்டார்.

"விரதமா! இதுல்லா குடும்பம்!" என்று பூரித்த காந்திமதிநாதன், பஜ்ஜிக்காகத் தட்டைத் தொட்டார்.

"பஜ்ஜி வேண்டாம்" என்றது தட்டு. "நேற்றைய ஆட்டுக்கறிக் கொழுப்பே இன்னும் கரையவில்லை."

அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி இன்னொரு முறை வெந்திருக்கும்.

"தட்டு பழுது போல" என்று முனகினார் காந்திமதிநாதன்.

ஆவுடையப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா சம்பந்தி, எங்க மேகலா தொட்டாலும் இப்படித்தான் பழுதாகும். ஏட்டி மேகலா, விரதம் முடிஞ்சிட்டு, நீயும் வந்து உக்காரு!"