திட்டம் வராத வீடு

அரசுத் திட்டங்களின் பலனை எண்களால் அளக்கும் படிப்பில் சேர்ந்திருந்தாள் வேதநாயகி. பெண்களுக்கான வேலைத்திட்டம் வராமலே போயிருந்தால் தன் வீடு எப்படி இருந்திருக்கும் என்பதைக் கணினி கணித்துத் தர, அதைச் சுவர்த்திரையில் ஓடவிட்டு, இந்த வீட்டோடு ஒப்பிட வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். வருமானம், சேமிப்பு, எல்லாவற்றிலும் இந்த வீடே முந்தியது. ஆனால், திரையில் சிரித்தபடி தோசை வார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வேதநாயகியை விட்டுக் கணவர் தணிகாசலம் கண்ணை எடுக்கவில்லை.

“எந்நேரமும் அவ மூஞ்சியையே பாக்கணுமா?”

“அவளும் நீதானே, நாயகி!”

“நானா? நான் என்னைக்கு இப்படிச் சிரிச்சேன்?”

“அதைத்தான் பாக்கறேன்.”

வேதநாயகிக்கு வயிறு எரிந்தது. திரையை அணைத்துவிட்டு அவர் அருகே உட்கார்ந்தாள். திரையில் இருந்தவளைப் போலவே தலையைச் சாய்த்துச் சிரித்துக் காட்டினாள்.

தணிகாசலம் பதறிப்போனார். “என்னம்மா, பல்லு வலிக்குதா?”