சிவப்புப் பகடை

அன்று காலையில் மட்டும் மூன்றாவது முறையாக வில்ஃப் ஹெப்டன் சண்டையை விட்டு ஓடினான். கூடியிருந்த பன்னிரண்டு ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பார்றா, மறுபடியும் ஓடிட்டான்! இவனுக்கு இருக்கறது காலா, சக்கரமா?" என்று பாரி, அரை விரல் உயர ஈயப் பொம்மையை மேசை ஓரத்துக்குத் தள்ளினான். சிவப்புப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் வில்ஃப் ஓடியாக வேண்டும். அது அவனுக்கென்றே இவர்கள் போட்ட சட்டம்.

டீத் தட்டோடு பின்னால் நின்ற எட்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜ வில்ஃப் அவளுடைய அண்ணன். உலகப் போரில், நார்மண்டியில் ஒரு தெருமுனையில் இருபத்திரண்டு வயதில் செத்து, நாற்பது வருஷமாகிறது.

எல்லாம் மேஜர் பெல்லமியின் புத்தகம் செய்த வேலை. எந்தச் சுவரோரம் யார் படுத்திருந்தார், எத்தனை அடி தள்ளி யார் விழுந்தார் என்று, தன் கீழ் இருந்த எட்டுப் பேரின் ஒரு மணி நேரச் சண்டையை வரைபடம் போட்டு எழுதியிருந்தார். அப்படியே மேசையில் பரப்பி ஆடலாம் என்பதால் ஹாலிஃபாக்ஸின் இந்தப் பொம்மைப் போர்க்காரர்களுக்கு அது வேதப்புத்தகம். எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், மறுத்துப் பேசவும் ஆளில்லை.

அதில் இரண்டே வரி. 'தெருமுனையில் தனியாக மெஷின் கன்னோடு இருந்த ஹெப்டன், ஒரு குண்டுகூடச் சுடாமல் எழுந்து ஓடினான். முன்வரிசையில், ஆப்பிள் தோட்டத்துச் சுவரருகே நின்று என் கண்ணால் பார்த்தேன்.'

அதைப் படித்த நாளிலிருந்து எட்னாவின் அம்மா தேவாலயத்துக்குப் போவதில்லை. நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறாள். எட்னா எழுதிய மூன்று கடிதத்துக்கும் மேஜரிடமிருந்து பதில் இல்லை. திங்கட்கிழமை புதுப் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அதற்குள் அந்த வரிகள் போக வேண்டும். மேஜர் இன்று கையெழுத்துப் போட வருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த டீ வேலையையே அவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

மேசையில் அதற்குள் ஒரு சச்சரவு. "தோட்டத்துச் சுவர்லேர்ந்து தெருமுனை ஜெர்மன்காரனைச் சுடறேன்" என்றான் பாரி.

நடுவர் டெரக் பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். "முடியாதுப்பா. கல் கொட்டகை குறுக்கே நிக்குது, நூல் இடிக்குது பாரு. கண்ணுக்குத் தெரியாதவனை எப்படிச் சுடுவே?"

எட்னா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மேசைக் கோடியில் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேஜரின் முன்னால் தட்டைத் தொப்பென்று வைத்தாள்.

"மேஜர், நான் வில்ஃபோட தங்கச்சி. அந்த வரிகளை எடுத்துடுங்க."

மேஜர் பேனாவை மூடிக்கொண்டே, "ஓ, கடிதம் எழுதற அம்மா நீங்கதானா? உங்க வருத்தம் புரியுது. ஆனா கண்ணால பார்த்ததை நான் மறைக்க முடியாதே" என்றார்.

"எங்கேர்ந்து பார்த்தீங்க? வச்சுக் காட்டுங்க."

மேஜர் புன்னகையோடு தன் பொம்மையைத் தோட்டத்துச் சுவரருகே வைத்தார். டெரக் நூலைப் பிடித்துவிட்டுத் தயங்கினார். "சார்... கொட்டகை மறைக்குது."

"அப்ப கொட்டகையைத் தப்பான இடத்துல வச்சிருக்கீங்க."

டெரக்குக்குச் சுருக்கென்றது. "உங்க வரைபடத்தைப் பார்த்து அங்குலம் அங்குலமா அளந்து வச்சது சார்!"

பொம்மை சுவரின் அந்தக் கோடிக்குப் போனது. அங்கேயும் நூல் இடித்தது. யாரோ களுக்கென்று சிரிக்க, மேஜரின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"கண்ணால பார்த்தேன், கண்ணால பார்த்தேன்னு எழுதினீங்களே" என்றாள் எட்னா. "எந்தக் கண்ணால பார்த்தீங்க? கல்லைத் துளைச்சுக்கிட்டுப் போற கண்ணா? எங்கம்மா ரெண்டு வருஷமா வாசல் தாண்டலை. பொய்யி, அத்தனையும் பொய்யி!"

"யாரைப் பார்த்துப் பொய்யன்கறே?" மேஜர் மேசையில் ஓங்கி அறைந்தார், பாதிப் படை குப்புற விழுந்தது. "டீ ஊத்த வந்தவ எனக்குச் சண்டை சொல்லித் தர்றியா? இந்தா பார், இங்கேதான் நின்னேன், இந்த வாய்க்கால்ல! இடுப்பளவு தண்ணி. தெருமுனை பளிச்சுனு தெரிஞ்சுது. அவன் துப்பாக்கி வாயில விடாம நெருப்பு தெறிச்சது கூட..."

அவர் நிறுத்திக்கொண்டார். அவர் விரல் மட்டும் வாய்க்காலில் வைத்த பொம்மையின் தலைமேலேயே இருந்தது.

டெரக் நூலைப் பிடித்தார். இந்த முறை எதுவும் இடிக்கவில்லை. பிறகு அளவு நாடாவை எடுத்து, வாய்க்காலிலிருந்து தோட்டத்துச் சுவர் வரை மெதுவாக அளந்து, வரைபட அளவுக்குக் கணக்குப் போட்டார்.

"முன்னூறு கஜம் சார்" என்றார், யாரையும் பார்க்காமல். "எல்லாருக்கும் பின்னால."

பாரி, மேசை ஓரத்தில் கிடந்த வில்ஃபை எடுத்துத் தெருமுனையில் திருப்பி நிறுத்தினான். எட்னா அந்தச் சிவப்புப் பகடையைப் பொறுக்கி, மேஜரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"உருட்டுங்க மேஜர், இது உங்க பகடை."